தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்து வையுங்கள்

கூஸ் வாத்து முட்டையை வீட்டில் பொரிக்கக் கிளம்புகிற எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: ஈரம், ஈரம், மேலும் ஈரம். அது நீர்ப்பறவை, தாய் குளத்தில் நனைந்து வந்து முட்டைமேல் உட்காரும், ஆகவே இன்குபேட்டருக்குள், அதாவது முட்டைக்குச் சூடு கொடுக்கும் பெட்டிக்குள், தண்ணீர்த் தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளில் அது சரிதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டிவரை நீளும் எங்கள் கரையில் அதை அப்படியே கடைப்பிடித்தால், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்த வேண்டிய நாளில் உள்ளேயே செத்துக் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் உடம்பு நீர் கோத்து ஊதியிருக்கும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றவை வழியில் வருபவை.

முட்டை ஓடு பார்வைக்குத்தான் கெட்டி. அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்று உள்ளே போகும், நீராவி வெளியே வரும். அடைகாலம் முழுவதும் முட்டை இப்படி வற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு உடையும் தறுவாயில் அது தன் தொடக்க எடையில் 14, 15 சதவீதம் இழந்திருப்பது நல்லது. போன நீரின் இடத்தைப் பருத்த முனையிலுள்ள காற்றறை பிடித்துக்கொள்ளும். குஞ்சு வெளியுலகைப் பார்ப்பதற்கு முன் இழுக்கிற முதல் மூச்சு அந்த அறைக் காற்றுதான். முட்டை போதிய அளவு வற்றவில்லை என்றால் அறை சிறுத்துப்போகும், குஞ்சுக்குத் திரும்பவும் இடம் இருக்காது. அளவுக்கு மீறி வற்றினால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

இனி காற்றின் கணக்கு. குளிர்நாட்டு வீடு ஒன்றில் அறை வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றை இன்குபேட்டர் 37.5 டிகிரிக்குச் சூடாக்கும்போது, அதிலுள்ள நீராவி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் சூடான காற்று கொள்ளக்கூடிய நீராவி மிக அதிகம் என்பதால் ஈரப்பதம் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர் ஊற்றாவிட்டால் முட்டை சருகாகிவிடும். எங்கள் வீட்டில் 30 டிகிரி, கடற்காற்றில் 75 சதவீதம் ஈரம். இதைச் சூடாக்கினாலும் 49 சதவீதம் மிஞ்சுகிறது. கூஸ் முட்டைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவே 50, 55தான். முட்டைகள் விடும் ஆவியும் சேர்ந்தால் தட்டில் ஒரு சொட்டு இல்லாமலேயே கணக்கு நேராகிவிடும். நல்ல தண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய்வரும் ஊரில், காற்று மட்டும் இப்படித் தண்ணீரைச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறது.

ஆனால் எல்லாக் காற்றும் ஒன்றல்ல. இது கடலோரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்குக் கடல் கிழக்கே. வாடையும் கொண்டலும் கடல்மேல் வருபவை. வீட்டுக்குள் உப்புச் சாடி கசிகிற நாட்கள் அவை. வைகாசிக்கு மேல் கச்சான் எழும்பினால் நிலைமை தலைகீழ். அது மேற்கேயிருந்து, காய்ந்த கண்மாய்களையும் சீமைக் கருவேலங்காட்டையும் கடந்து, நிலத்துச் சூட்டை வாரிக்கொண்டு வருகிற காற்று. நடுப்பகலில் 36 டிகிரியும் 40 சதவீத ஈரமுமாக அடிக்கும்போது, அதே பெட்டிக்குள் ஈரப்பதம் 37க்கு விழும். அப்போது ஒரு சிறு கிண்ணம் தண்ணீர் நியாயம். அதே மாவட்டம்தான் என்றாலும், பாம்பன், மண்டபம் போல இருபுறமும் கடல் நெருங்கிய இடத்தில் இருப்பவர் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குக் கச்சானும் உப்புக்காற்றாகவே வரும்.

அப்படியானால் எதை நம்புவது? ஈரப்பதமானியை அல்ல. மலிவான ஈரப்பதமானிகள் இரண்டை ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் இரண்டு பேச்சு பேசும். தராசை நம்பலாம். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முட்டையை உள்ளே வைக்கும் அன்றே எடைபோட்டு, ஓட்டின்மேல் பென்சிலால் எழுதிவிடுகிறேன். பேனா மை துளை வழியே இறங்கக்கூடும், வேண்டாம். 150 கிராம் முட்டை என்றால் ஏழாம் நாள் 145க்கு அருகிலும், 14ஆம் நாள் 140க்கு அருகிலும், 21ஆம் நாள் 134 அளவிலும் நிற்க வேண்டும். எடை இறங்க மறுத்தால் காற்றுத் துளைகளை அகலத் திறந்துவிட வேண்டும். வேகமாக இறங்கினால் கிண்ணத்தை வைக்க வேண்டும். வேறு சூத்திரம் எதுவும் இல்லை. கூஸ் முட்டை நாட்டுக்கோழி முட்டையைப் போல மூன்று மடங்கு, சில வேளை அதற்கும் மேலே கனக்கும் என்பதால், எடை மாற்றம் தராசில் தெளிவாகவே தெரியும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் இன்குபேட்டருக்குப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் போட்டு அடைக்கிற தெர்மோகோல் பெட்டி எந்த இறங்குதளத்தில் கேட்டாலும் கிடைக்கும். சூட்டைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டது அது. உள்ளே குளிரை வைத்திருப்பதும் சூட்டை வைத்திருப்பதும் அதற்கு ஒரே வேலை. எலுமிச்சைத் தோலும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நான்கு நாள் வெயில் காட்டினால் நண்டு வாடை போய்விடும். முழுக்கப் போகாது. முட்டை அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று, மின்கடைகளில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட். விசிறி இருந்தால் 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 டிகிரி காட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அருகில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய வெப்பம் அதன் எல்லைக்குள்ளேயே வருகிறது. எகிப்தில் நூற்றாண்டுகளாக மண் சூளைகளில் கோழிக்குஞ்சு பொரித்தவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல், முட்டையைக் கண்ணிமைமேல் வைத்தே சூடு பார்த்தார்கள். நானும் அதைச் செய்து பார்ப்பதுண்டு. இரவில் மின்சாரம் போய்வந்த பிறகு எண்ணைவிட இமை சீக்கிரம் பதில் சொல்லிவிடுகிறது.

எங்கள் அப்பத்தா கோழியை அடைக்கு வைக்கும்போது மணல் பரப்பிய கூடையில் ஓர் அடுப்புக்கரித் துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஓர் இரும்பு ஆணி மூன்றையும் போட்டுவிடும். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாதாம். தெர்மோகோல் பெட்டியைப் பார்த்ததும் அது கேட்ட முதல் கேள்வி, “ஆணி போட்டாயா?” விசிறிக்குள்ளேயே இரும்பு இருக்கிறது அப்பத்தா என்றேன். சமாதானம் ஆகவில்லை. மறுநாள் பார்த்தால் பெட்டி மூலையில் துருப்பிடித்த மூன்று அங்குல ஆணி. அதை இன்றுவரை நான் எடுக்கவில்லை. ஐப்பசியில் இங்கே இடிக்கும் இடியைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும்.

அடைக்கோழியிடமே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விடலாம். ஒரு நாட்டுக்கோழியின் அடியில் நான்கு, மிஞ்சினால் ஐந்து கூஸ் முட்டைதான் மறையும். கோழியால் அந்தக் கனத்தைப் புரட்ட முடியாது என்பதால் நாமே கைவிட்டுப் புரட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நாள்கணக்கு. கோழிக்கு 21 நாள், கூஸ் முட்டைக்கு 28 முதல் 32 நாள், பெரிய இனங்களில் இன்னும் கூடும். எத்தனை கோழிகள் அந்தக் கூடுதல் நாட்களுக்கு உட்காரும் என்பது அதிர்ஷ்டம். மணிலா வாத்து கிடைத்தால் அது உத்தமம். தன் முட்டைக்கே 35 நாள் உட்காரும் பொறுமைசாலி.

முட்டை சேகரிப்பில் எங்கள் வெப்பம்தான் எதிரி. கூஸ் பெட்டை பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும். ஆகவே ஒரு ஈடு சேர நாளாகும். சேமிக்க உகந்த வெப்பம் 15 டிகிரி அளவு; நம் வீட்டில் அது பிரிட்ஜுக்கு வெளியே எங்கும் கிடையாது, பிரிட்ஜுக்குள்ளோ அதைவிடக் குளிர். 30 டிகிரி அறையில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக விழித்து, வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் பலவீனமாகும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டைகளை வைத்து, வாய்க்குத் துணி கட்டி, ஒரு வாரத்துக்குள் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். வாடைக்காலத்தில் பானை அவ்வளவாகக் குளிராது, காற்றே நனைந்திருக்கும்போது எங்கே ஆவியாகும்? ஆனால் அப்போது அறையும் அவ்வளவு சூடில்லை. சேறு பட்ட முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

முட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து, ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுகிறேன். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், நீண்ட இரவு முழுதும் முட்டை ஒரே பக்கம் கிடக்காமல் ஒருநாள் இப்படி, மறுநாள் அப்படி என்று மாறும். புரட்டாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாளுக்கு மேல் இருட்டறையில் கைப்பேசி விளக்கைப் பருத்த முனையில் வைத்துப் பார்த்தால் உயிர் இருக்கும் முட்டை தெரியும்: நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து செந்நரம்புகள் சிலந்தி கால் விரித்தாற்போல நாலாபக்கமும் ஓடும். வெறுமனே மஞ்சளாக ஒளிர்ந்தால் கூமுட்டை. நரம்பு மறைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் தொடங்கிச் செத்தது. இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். கெட்ட கூஸ் முட்டை வெடித்தால் அந்த அறையில் ஒருவாரம் யாரும் சாப்பிட முடியாது.

முதல் வாரத்துக்குப் பிறகு தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து முட்டைகளை ஆறவிடுவது நெடுங்காலப் பழக்கம். தாய் கூஸ் தன் மார்பிலிருந்து பிய்த்த தூவியால் முட்டைகளைப் போர்த்திவிட்டுத் தீனிக்கும் குளியலுக்கும் எழுந்து போகும் நேரத்துக்கு அது ஈடு. பாதி நாள் தாண்டிய கரு தானே சூடு உண்டாக்கும், அந்தச் சூடு வெளியேறியாக வேண்டும். கையேடுகள் பத்துப் பதினைந்து நிமிடம் என்று சொல்லும். சித்திரை வெயிலில் அறையே 34 டிகிரியாக இருக்கும்போது பதினைந்து நிமிடத்தில் என்ன ஆறும்? இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து, காற்றாடிக்கடியில் வைத்து, இமையில் வைத்தால் சூடும் குளிருமற்றுப் படும்வரை விடுகிறேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூடேற்றத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அக்னி நட்சத்திர நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பெட்டியை வைத்தால் பல்பு அணைந்திருக்கும்போதே முட்டை வெந்துபோகும். ஓட்டு வீடோ பனையோலைக் கொட்டகையோ இல்லாதவர்கள் பங்குனிக்குமேல் முட்டை வைக்காமல் இருப்பதே நல்லது.

27ஆம் நாள் வாக்கில் விளக்கு வைத்துப் பார்த்தால் அதுவரை தொப்பி போல நேராக இருந்த காற்றறை ஒருபக்கம் சரிந்து கீழே வழியும். அதன் விளிம்பில் ஒரு நிழல் அசையும். அதுதான் அலகு. புரட்டுவதை நிறுத்த வேண்டிய நேரம் இது. கவிழ்த்துவைத்த தண்ணீர்த் தட்டை நிமிர்த்த வேண்டிய நேரமும் இதுதான். கடைசி மூன்று நாளைக்கு மட்டும் ஈரம் 70க்கு மேல் வேண்டும், சவ்வு காயாமல் இருப்பதற்காக. இத்தனை நாள் நாம் மிச்சம் பிடித்த தண்ணீரைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றினால் தட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும், ஒரு சொம்பு நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடுத்து அலகு உள்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் நுழையும். முட்டையைக் காதில் வைத்தால் கீச்சொலியும், டிக் டிக் என்ற சத்தமும் கேட்கும். நாம் பேசினால் பதில் வரும். இதைக் கேட்ட பிறகு வீட்டில் யாரும் அந்த அறையைக் கடக்கும்போது சும்மா கடப்பதில்லை. ஏறக்குறைய ஒரு நாள் கழித்து ஓட்டின்மேல் நட்சத்திரம் போல ஒரு கீறல் விழும். மேல் அலகின் நுனியில் இதற்கென்றே முளைத்த ஒரு சிறு பல் போன்ற முனை இருக்கிறது, பொரிந்த சில நாளில் அது உதிர்ந்துவிடும். கீறல் விழுந்ததும் குஞ்சு வேலையை நிறுத்திவிடும். ஒருமணிநேரம், ஐந்து மணிநேரம், இரவு முழுவதும். பார்க்கிறவர்களுக்குக் கை துருதுருக்கும்.

தொடக்கூடாது. வெளியே ஒன்றும் நடக்காத அந்த நேரத்தில் உள்ளே இரண்டு பெரிய வேலை நடக்கிறது. ஓட்டின் உட்புறம் படர்ந்திருக்கும் நரம்புகளிலுள்ள ரத்தம் குஞ்சின் உடம்புக்குத் திரும்புகிறது, மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. நாம் இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்தால் நரம்பு அறுந்து ரத்தம் வடியும். கீறலுக்கு 24 மணிநேரம் தாண்டி, எந்த முன்னேற்றமும் இல்லாமல், சவ்வு பழுப்பேறிக் காகிதமாகக் காய்ந்திருந்தால் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் அதை ஈரப்படுத்தலாம். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் குஞ்சு உள்ளேயே மெல்லத் திரும்பிக்கொண்டு, பருத்த முனையைச் சுற்றி ஓட்டை வட்டமாக வெட்டிக்கொண்டே வரும். வட்டம் கூடும் இடத்தில் கழுத்தால் ஓர் உந்து. மூடி திறக்கிறது. வந்து விழுவது நனைந்த, கண் அரைகுறையாகத் திறந்த, அழகென்று யாரும் சொல்லமாட்டாத ஒன்று. சில மணிநேரத்தில் தூவி காய்ந்தால்தான் படம் எடுக்கத் தோன்றும்.

இனி வரும் தொல்லைக்கு ஆஸ்திரியாவின் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸைத்தான் நினைக்க வேண்டும். பொரிந்ததும் முதலில் காணும் அசையும் பொருளைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் கூஸ் குஞ்சுகளின் இயல்பை 1935இல் விரிவாக எழுதியவர். கூட்டை விட்டு உருண்ட முட்டையைத் தாய் அலகால் உருட்டி மீட்கும் விதத்தை அதே துறை ஆய்வாளரான டின்பெர்கனோடு சேர்ந்து ஆராய்ந்து 1938இல் வெளியிட்டார். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும் தாய் இல்லாத முட்டையை உருட்டிக்கொண்டே கூடுவரை போய்விடும். இருவரும் வான் பிரிஷ் என்பவரோடு 1973இல் நோபல் பரிசு பெற்றார்கள். லோரன்ஸின் நாஜிக் கட்சி உறுப்பினர் அட்டை தனிக்கதை, அதை மறைத்துப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் சொன்னது எங்கள் முற்றத்தில் வரி பிசகாமல் நடக்கிறது. பெட்டியை முதலில் திறப்பது அம்மா. ஆகவே குஞ்சுகள் அம்மாவின் பின்னால்தான். மீன் வாங்கத் தெருவுக்குப் போனாலும் வரிசையாகக் கூடவே போகும், கூடையைப் பார்த்தே அம்மா கிளம்புவதைக் கண்டுகொள்ளும்.

தீனி பற்றிச் சுருக்கமாக. வயிற்றில் மஞ்சள்கரு இருப்பதால் முதல் நாள் தீனி அவசரமில்லை. செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துவிடும், சாக்கு போதும். கோழிக்குஞ்சைவிட இவற்றுக்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் தேவை. வெறும் கோழிக்குஞ்சுத் தீனியிலேயே வளர்த்தால் கால் வளையக்கூடும், ஈஸ்ட் தூளைக் கலந்து கொடுங்கள். முருங்கைக்கீரையும் அறுகம்புல்லும் பொடியாக நறுக்கிப் போட்டால் பாய்ந்து தின்னும். பெரிய கூஸ் வாத்துகளுக்குக் கண்ணருகே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு, லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். குஞ்சுக்கு அந்தச் சுரப்பி இன்னும் தேறியிருக்காது. உப்புத் தண்ணீர் கொடுத்தால் துவண்டுவிடும். குடிக்க நல்ல தண்ணீர்தான். தள்ளுவண்டியில் இன்னொரு குடம் ஏறுகிறது.

பக்கத்து வீட்டு லாத்தா இந்த ஈட்டிலிருந்து இரண்டு குஞ்சு கேட்டு வைத்திருக்கிறார். “பெட்டையாகப் பார்த்துக் கொடு தம்பி, ஆண் வந்தால் பேரப்பிள்ளையை விரட்டும்.” இந்த வயதில் ஆண் பெண் தெரிய வேண்டுமானால் கழிவுத் துவாரத்தை விரித்துப் பார்க்க வேண்டும், கை தவறினால் குஞ்சுக்குக் காயம், அந்த வேலை எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். “சரி, மூன்றாகக் கொடு. ஒன்றாவது பெட்டையாக இருக்கட்டும். ஆனால் பிரியாணி வைக்க மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்” என்றார். அடுத்த வாரம் தூக்கிப்போக வருவார். அம்மாவின் பின்னால் போகும் வரிசையிலிருந்து எந்த மூன்றைப் பிரிப்பது என்று வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை.